டெல்நெட்டை மூடுகிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

மண்ணடி, பாரிமுனை கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்கள், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகள், மணலி குடோன்கள் என்று நாங்கள் பராமரிக்கும் இடங்களில் இருக்கும் எல்லா ரவுட்டர், ஸ்விட்ச்சிலும் டெல்நெட்டை நிறுத்திவிட்டு எஸ்எஸ்எச் மட்டும் வைக்கப்போகிறோம். இரண்டுமே வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து அவற்றுக்குள் நுழைந்து அமைப்பை மாற்றும் வழிகள்.

டெல்நெட்டில், அதாவது போர்ட் 23-இல், தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் பாஸ்வேர்டு உட்பட மறைக்கப்படாமலே போகிறது. ஸ்விட்ச் இருக்கிறதே, அடுத்தவர் டிராஃபிக் நமக்கு வராதே என்று கேட்பீர்கள். அதே நெட்வொர்க்கில் ஒரு லேப்டாப் 'நான்தான் கேட்வே (வெளியே போகும் வாசல்)' என்று பொய்யான ஏஆர்பி பதில் (எந்த ஐபி எந்தக் கருவியுடையது என்று சொல்லும் பதில்) அனுப்பினால் டிராஃபிக் அதன் வழியாகத்தான் போகும். டிராஃபிக்கைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பாஸ்வேர்டை வாசித்துவிடலாம். போர்ட் 22-இல் ஓடும் எஸ்எஸ்எச் எல்லாவற்றையும் மறையாக்கம் செய்கிறது. 1995-இல் பின்லாந்தில் டாட்டு யுலோனென் அதை எழுதியதே பல்கலைக்கழக நெட்வொர்க்கில் நடந்த பாஸ்வேர்டு திருட்டுக்குப் பிறகுதான். 2016-இல் மிராய் என்ற வைரஸ் கேமராக்களுக்குள்ளும் டிவிஆர்களுக்குள்ளும் புகுந்ததும் டெல்நெட் வழியாகத்தான். அது பயன்படுத்திய பாஸ்வேர்டு, கம்பெனி வைத்து அனுப்பியதே.

சிஸ்கோ ஸ்விட்ச்சில் வேலை இப்படிப் போகும். முதலில் ஸ்விட்ச்சுக்கு ஹோஸ்ட்நேமும் (அதன் சொந்தப் பெயர்) டொமைன் பெயரும். அவை இல்லாமல் மறையாக்கச் சாவி உருவாக்கச் சொன்னால் சாதாரணமாக மறுத்துவிடும். பிறகு 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவி, எஸ்எஸ்எச் வெர்ஷன் 2. ஆளுக்கொரு யூசர்நேம்; அதில் 'பாஸ்வேர்டு' என்று கொடுக்காமல் 'சீக்ரெட்' என்று கொடுப்போம். 'பாஸ்வேர்டு' என்று கொடுத்தால் மிஞ்சிப்போனால் 'டைப் 7' என்ற எளிய முறையில்தான் மறைக்கப்படும்; அதை நொடியில் பழையபடி எடுத்துவிடலாம்.

தப்பு அதிகம் நடப்பது விடிஒய் லைன்களில், அதாவது நெட்வொர்க் வழியாக உள்ளே நுழையும் வாசல்களில். 0 முதல் 4 வரை மாற்றிவிட்டு 5 முதல் 15 வரை மறந்துவிடுவார்கள். அந்த லைன்களில் டெல்நெட் திறந்தே கிடக்கும். எல்லா லைனிலும் 'டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்எச்' (எஸ்எஸ்எச் மட்டும் உள்ளே வரலாம்), 'லாகின் லோக்கல்' (ஸ்விட்ச்சில் பதிந்த யூசர்நேம் கேள்), எந்த ஐபியிலிருந்து வரலாம் என்ற ஆக்சஸ் லிஸ்ட், 5 நிமிட டைம்-அவுட். டைம்-அவுட்டைப் பூஜ்யம் என்று வைத்தால் பாதியில் அறுந்த செஷன்கள் லைனை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒருநாள் நாமே உள்ளே போக முடியாது.

ஆக்சஸ் லிஸ்ட்டில் ஒரு எண் தப்பினாலும் நம்மையே வெளியே பூட்டிவிடும். அதனால் வேலை தொடங்கும் முன் 'ரீலோட் இன் 10' (10 நிமிடத்தில் மறுபடி தொடங்கு) கொடுப்போம். பழைய ஜன்னலை மூடாமல், இரண்டாவது ஜன்னலில் நுழைந்து பார்த்து, சரியாக இருந்தால் ரீலோடை ரத்து செய்து 'ரைட் மெமரி' கொடுத்துச் சேமிப்போம். இல்லாவிட்டால் 10 நிமிடத்தில் ஸ்விட்ச் தானே பழைய கான்ஃபிக்குக்குத் திரும்பும். சில நிமிடம் பில்லிங் நிற்கும். ஆகவே கடை திறக்கும் முன் நேரம் கொடுங்கள். சேமிக்க மறந்தால் அடுத்த கரண்ட் கட்டிலேயே எல்லாம் போய்விடும்.

பழைய சிஸ்கோ ஸ்விட்ச்சில் ஐஓஎஸ் (ஸ்விட்ச்சை இயக்கும் மென்பொருள்) ஃபைலின் பெயரில் 'கே9' இல்லையென்றால் எஸ்எஸ்எச் வராது. அதற்குப் புது ஃபைல் அல்லது புது ஸ்விட்ச். அதுவரை, ஸ்விட்ச்சில் நேராகச் செருகும் கன்சோல் கேபிள்தான், 9600 வேகத்தில். காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்புக்காற்றில் கன்சோல் போர்ட்டின் பின்கள் பச்சை பூத்துவிடும், ரேக் கதவை மூடியே வையுங்கள். பூட்டியும் வையுங்கள்: கையில் கன்சோல் கேபிளோடு ஸ்விட்ச்சை அணைத்துப் போடுகிறவருக்கு பாஸ்வேர்டே தேவையில்லை.

வெளியிலிருந்து நாங்கள் வர, போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறக்க மாட்டோம். 22-ஐ 2222 ஆக்கினால் லாக்கில் இரைச்சல் குறையும், அவ்வளவுதான். வயர்கார்ட் விபிஎன் (இன்டர்நெட் வழியே மறையாக்கம் செய்த தனிப்பாதை) போடுவோம். உங்கள் பிராட்பேண்டில் பொது ஐபி (வெளியிலிருந்து நேராக எட்டக்கூடிய முகவரி) இல்லையென்றால் ரவுட்டரே எங்கள் சர்வரை அழைக்கும்.

உங்களிடம் வேண்டியது மூன்று: ரேக் சாவி, அரை மணி நேரம், யார் யாருக்கு நுழைவு வேண்டும் என்ற பட்டியல். வேலையை விட்டுப் போனவர் பெயரை அன்றைக்கே சொல்லுங்கள், நீக்கிவிடுகிறோம். எஸ்எஸ்எச்சில் நுழையப் பயன்படும் புட்டி மென்பொருளில் 'ஹோஸ்ட் கீ (ரவுட்டரின் அடையாளச் சாவி) மாறியிருக்கிறது' என்று எச்சரிக்கை வந்தால், நாங்கள் ரவுட்டர் மாற்றிய நாளாக இல்லாவிட்டால், அதை ஏற்காமல் எங்களைக் கூப்பிடுங்கள்.