தோட்டத்தைச் சாயப்பட்டறைக்கு வாடகைக்கு விடும் சொந்தங்களுக்கு

ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம், காங்கேயம் பக்கங்களில் தோட்டத்தின் ஒரு மூலையைச் சாயப்பட்டறைக்கோ சலவைப்பட்டறைக்கோ வாடகைக்கு விட்டிருக்கிற, விடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கமுங்க.

நான் நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கத்து ஊர்க்காரன். உங்கள்மேல் பழி போட இதை எழுதவில்லை. பண்ணையத்தில் மிஞ்சுவது எவ்வளவு என்று எனக்கும் தெரியும். மஞ்சள் விலை இறங்கிப்போன வருசம், ஆயிரம் அடி போர் போட்டும் வெறும் புகை வந்த வருசம் எல்லாம் எங்கள் வீட்டிலும் உண்டு. அந்த நேரத்தில் ஒருத்தர் வந்து, "சின்னதா ஒரு ஷெட் போட்டுக்கறமுங்க, கிணத்துத் தண்ணி மட்டும் குடுங்க, மாசமானா வாடகை வந்துருமுங்க" என்றால் மனசு இளகத்தான் செய்யும். என் சித்தப்பாவும் அப்படித்தான் சரி என்றார்.

ராத்திரியில் வண்டி வரும். விடிந்தால் ஷெட்டுக்குப் பின்னால் வெட்டிய பள்ளம் சாயத்தண்ணியால் நிறைந்திருக்கும். இரண்டு வருசம் கழித்து அவர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். அப்புறம்தான் விசயமே ஆரம்பித்தது. கிணற்றுத் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் மாடு தொட்டியில் வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்தத் தண்ணீர் பாய்ந்த மஞ்சளுக்கு இலை ஓரமெல்லாம் கருகியது. சித்தப்பா பூச்சி என்று நினைத்து மருந்தடித்தார். அது உப்பு.

இதைத்தான் பலர் புரிந்துகொள்வதில்லை. சாயத்தண்ணி என்றால் நமக்கு நிறம்தான் கண்ணில் படுகிறது. பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். அடர்ந்த நிறமென்றால் லிட்டருக்கு 60, 80 கிராம்கூடப் போடுவார்கள். சாயத்தைத் துணிக்குள் தள்ளுவதோடு உப்பின் வேலை முடிந்தது. துணியோடு அது போகாது, தண்ணீரோடு வெளியே வந்துவிடும். சுண்ணாம்பும் மற்ற மருந்துகளும் போட்டால் நிறம் போய்விடும், உப்பு போகாது. அதைப் பிரிக்க எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) இயந்திரம் வேண்டும்; மிச்சத்தைக் காய்ச்சி வற்றவைக்க ஆவியாக்கிகள் வேண்டும். அந்தச் செலவைத் தாங்க முடியாதவர்தான் உங்கள் தோட்டத்தைத் தேடி வருகிறார். "நிறமே இல்லீங்க, பாருங்க" என்று பாட்டிலில் பிடித்துக் காட்டினால் நம்பிவிடாதீர்கள். குடிநீரில் கரைந்திருக்கும் உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. அதை அளக்கும் சின்னக் கருவி கடையில் கிடைக்கிறது. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணுக்குள் போன உப்பு என்ன செய்கிறது தெரியுமா? அதிலிருக்கும் சோடியம் களிமண்ணின் கட்டுக்கோப்பைக் கலைத்துவிடுகிறது. ஈரமானால் குழைகிறது, காய்ந்தால் கல்லாகிறது. மழை பெய்தாலும் தண்ணீர் கீழே இறங்காமல் மேலேயே ஓடிவிடும். ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீரை நிறையத் தேக்கி, உப்பைக் கழுவி வடிக்க வேண்டும் என்கிறது வேளாண்மைப் படிப்பு. வருசத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை பெய்கிற நம் சீமையில் அந்த நல்ல தண்ணீருக்கு எங்கே போவது?

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் மிகவும் பயம். பள்ளம் வெட்டினால் கண்ணில் படுமென்று, வற்றிப்போன போர்க்குழிக்குள் சாயத்தண்ணியை இறக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊர்களுக்கு அடியில் இருப்பது கடும்பாறை. அதன் வெடிப்புகளில்தான் தண்ணீர் நிற்கிறது, ஓடுகிறது. எந்த வெடிப்பு எந்தக் கிணற்றில் போய் முடியும் என்று மேலே நிற்கிற யாராலும் சொல்ல முடியாது. உங்கள் போரில் இறக்கியது பங்காளி வீட்டுக் குடிதண்ணீராக மேலே வரலாம்.

எங்கள் அணை 1992-இல் பாசனத்துக்காகக் கட்டியது. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் வந்து அதில் தேங்கியது. தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று கரையோர ஊர்க்காரர்கள் சொன்னார்கள், திறந்து விடாதீர்கள் என்று கீழே அணைத் தண்ணீரில் பாசனம் செய்கிற கரூர்ப் பக்கத்து ஆயக்கட்டுக்காரர்கள் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதும் நியாயம். அணை கட்டி, தண்ணீரும் வந்து, அது யாருக்குமே வேண்டாமல் போனதைப் பார்த்து வளர்ந்தவன் நான். 2004-இல் இழப்பீடு கணக்கிட்டார்கள். 28,000-க்கும் அதிகமான விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 9,000 ரூபாய்கூட வரவில்லை.

ஆயக்கட்டுக்காரர்கள் விடாமல் வழக்கு நடத்தினார்கள். சொட்டுக் கழிவுகூட வெளியேறக் கூடாது என்றது உயர் நீதிமன்றம். 2011 ஜனவரியில் திருப்பூரில் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூட வைத்தது. அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தண்ணீரைத் திரும்ப எடுத்துப் பட்டறைக்கே கொடுக்கும் நிலைக்கு வந்தன. அவ்வளவு செலவு செய்து முறையாகத் தொழில் நடத்துகிறவர்களை நான் மதிக்கிறேன். அந்தச் செலவிலிருந்து தப்பி ஓடுகிறவருக்கு ஒளிய ஓர் இடம் வேண்டும். கிளுவை வேலிக்கு உள்ளே, ரோட்டிலிருந்து தள்ளி, யாரும் எட்டிப் பார்க்காத நம் தோட்டம்தான் அந்த இடம். நாம் கொடுக்காவிட்டால் அவருக்கு ஒளிய இடமில்லை.

கொதிகலனில் பனியன் வேஸ்ட்டைப் போட்டு எரிக்கிற புகையும் இருக்கிறது. அது உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு முதலில் மூச்சு முட்ட வைக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வந்தால் மின் இணைப்பைத் துண்டிப்பார்கள், ஷெட்டை இடிப்பார்கள். வாடகைக்கு வந்தவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். மண்ணில் இறங்கிய உப்போடு நீங்கள்தான் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் இந்த மாத வாடகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போர்க்குழிக்குள் குழாய் விட்டிருந்தால் இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். மிரட்டினால் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நானும் கூட வருகிறேன். இனிமேல்தான் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை எங்கள் ஊருக்கு வாங்க. சித்தப்பா தோட்டத்துக் கிணறு இப்போதும் இருக்கிறது. ஒரு சொம்பு மோந்து தருகிறேன், ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்க.

இப்படிக்கு,
நொய்யல் கரை விவசாயி ஒருவன்