டூட்டூவின் வயதைச் சொல்லும் இடுப்புக்கோடு

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பாலே உடைகள் பற்றிய கட்டுரை, படங்களுக்காகவே பத்திரப்படுத்தத் தக்கது. ஆனால் ‘பாலே உடை காலத்துக்கு அப்பாற்பட்டது’ என்ற அதன் மையக் கருத்தை ஏற்க முடியவில்லை. அதற்குச் சான்றாகக் காட்டிய படமே எதிர்ச்சாட்சி சொல்கிறது. நடனக்காரி மேரி டாக்லியோனி 1832-இல் அணிந்த உடை என்று போட்டிருக்கிறீர்கள். அவருடைய பாவாடை முழங்காலைத் தாண்டிக் கெண்டைக்கால் வரை இறங்கியது. படத்தில் இருப்பதோ கம்பி வளையம் கோத்துத் தட்டாக நிற்கும் குட்டை டூட்டூ, அதாவது அடுக்கடுக்கான பாலே பாவாடை. அந்த வடிவம் நிலைபெற்றது அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்புதான்.

பாலே உடையின் வெளிக்கோடு எப்போதும் அந்தந்தக் காலத்து நாகரிகத்திலிருந்துதான் வந்திருக்கிறது. அந்தக் கோட்டை உள்ளே எது தாங்க வேண்டும் என்பதை மட்டும் நடனம் முடிவு செய்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் கட்டுரை தடுமாறுகிறது.

18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்தப் பிரிவினை அவ்வளவாக இல்லை. அரசவைப் பெண்கள் இடுப்பின் இருபுறமும் கட்டிய கூடைச் சட்டங்களோடுதான் மேடைப் பெண்களும் ஆடினார்கள். ஆண்களுக்கும் தொடை வரை வந்து விறைத்து நிற்கும் குட்டைப் பாவாடை உண்டு. முகத்தில் முகமூடி வேறு. மேரி கமார்கோ தன் வேகமான துள்ளல்களில் பாதங்கள் தெரியவேண்டும் என்று பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றினார். மேரி சாலே 1734-இல் லண்டனில் கூடைச் சட்டத்தையே கழற்றிவிட்டு மஸ்லின் உடையில் ஆடினார். நடன அமைப்பாளர் நோவேர் 1760-இல் முகமூடியையும் சட்டத்தையும் கண்டித்து எழுதினார். ஆனாலும் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு தெருவிலேயே பெண்கள் மெல்லிய மஸ்லினுக்கும் குதிகால் இல்லாத செருப்புக்கும் மாறிய பின்புதான் மேடை முழுதாக மாறியது. எழுத்தால் ஆகாததை நாகரிகம் செய்தது.

இனி 1832. பாரிஸ் ஓபராவில் மார்ச் 12 அன்று ‘லா சில்ஃபீட்’ பாலே அரங்கேறியது. டாக்லியோனியின் உடையை வடிவமைத்தவர் யூஜீன் லாமி என்பது மரபான கருத்து. தோள்பட்டை தெரியும் கழுத்து, உடம்பைப் பிடித்த ரவிக்கை, உப்பிய குட்டைக் கை, மணி வடிவப் பாவாடை: இதிலிருந்து முதுகுச் சிறகையும் வெள்ளை நிறத்தையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது அந்த ஆண்டு பாரிஸ் சீமாட்டி விருந்துக்கு உடுத்திய கவுன்தான், பாவாடை கொஞ்சம் குட்டை, அவ்வளவே. கதை ஸ்காட்லாந்தில் நடக்கிறது, நாயகி காற்றில் வாழும் ஆவி. ஆனால் அவளுடைய தையற்காரர் பாரிஸ்காரர்!

அந்த வெள்ளைக்கும் ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. ஓபராவில் 1822-லேயே எரிவாயு விளக்கு வந்துவிட்டது. மங்கலான அந்த வெளிச்சத்தில் வெள்ளைத் துணி நிலவொளியில் மிதப்பதுபோல் தெரிந்தது. அதற்குக் கொடுத்த விலை, தீ விபத்துகள். பஞ்சு நூலில் நெய்து கஞ்சி போட்ட மெல்லிய துணியை அடுக்கடுக்காகக் கட்டினால் நடுவில் காற்று தங்கும். ஒரு பொறி போதும். படிகாரம் கலந்த கரைசலில் துணியை நனைத்தெடுத்தால் தீப்பிடிப்பது குறையும் என்று தெரிந்தே இருந்தது. ஆனால் நனைத்த துணி விறைத்துப் பழுப்பேறும், மிதக்காது. நடனக்காரி எம்மா லிவ்ரி அதை உடுத்த மறுத்தார். 1862 நவம்பரில் ஒத்திகையின்போது அவர் பாவாடையில் தீப்பற்றியது. எட்டு மாதம் துன்பப்பட்டு 1863 ஜூலையில் இறந்தார்.

1850-களின் பிற்பாதியில் தெருப் பெண்கள் எஃகு வளையக் கூண்டைப் பாவாடைக்குள் கட்டத் தொடங்கினார்கள். மேடைப் பாவாடையும் அகன்றது, ஆனால் ஆடுபவர் கூண்டைக் கட்டவில்லை. சுழலும்போது கூண்டு உடம்போடு திரும்பாமல் பிந்தி வரும். துணைவர் அருகில் வந்தால் ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் தூக்கும். அதனால் அதே அகலத்தைத் துணி அடுக்குகளால் மட்டுமே கொண்டுவந்தார்கள். நான் மேலே சொன்ன பிரிவினைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

1880-களில் இத்தாலிய நடனக்காரிகள் பீட்டர்ஸ்பர்க்குக்குக் கொண்டுபோன பாவாடை முழங்காலை நோக்கி ஏறியது. பியரினா லெக்னானி 1895-இல் ‘ஸ்வான் லேக்’கில் 32 ஃபுவெத்தே (ஒற்றைக் காலில் நின்று மறுகாலை வீசிச் சுற்றும்) சுழல்களைச் சுற்றிய காலத்தில் கால் தெரியவேண்டிய அவசியம் வந்துவிட்டது. ஆனால் அன்றைய படங்களில் இடுப்பைப் பாருங்கள்: கார்செட்டில் நெரித்த, மார்பும் பிட்டமும் தூக்கிய அன்றைய நாகரிகப் பெண்களின் அதே மணற்கடிகார உடம்பு. ருக்மிணி தேவியின் வரலாறு வழியாக நம்மவர்க்குப் பழகிய அன்னா பாவ்லோவாவின் அன்ன உடையிலும் பாவாடை கீழ்நோக்கிச் சரிந்தே இருக்கும். இன்றைய அன்னங்களைப்போல் தட்டாக நிற்காது.

அந்தத் தட்டு எப்படி நிற்கிறது என்பதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. ஜட்டியின் தொடைக்கோட்டிலிருந்து மேலே, சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளிகளில், சுருக்கம் வைத்த நெட் துணியை 10 முதல் 12 அடுக்கு வரை தைப்பார்கள். அடியடுக்கு சில சென்டிமீட்டர். மேலே போகப்போக நீண்டு உச்சியடுக்கு 35-40 சென்டிமீட்டர் வரும். நடு அடுக்கு ஒன்றில் மெல்லிய எஃகு வளையம் கோப்பார்கள். பிறகு அடுக்குகளை ஒன்றோடொன்று தொளதொள நூலால் ஆங்காங்கே கட்டவேண்டும். கவனம் இங்கேதான் வேண்டும்: நூலை இழுத்துக் கட்டினால் பாவாடை கிண்ணமாகக் கவிழும், அதிகம் விட்டால் அடுக்குகள் பிரிந்து தொங்கும். வளையம் சிறிதானால் விளிம்பு துவளும், பெரிதானால் முன்புறம் அமுங்கும்போது பின்புறம் எழும்பும். தலைகீழாக அடுக்கி வைக்காவிட்டால் எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் துவண்டுவிடும். 1950-இல் நியூயார்க்கில் நடன அமைப்பாளர் பலன்சீனின் ‘சிம்பனி இன் சி’க்காக உடை தயாரிப்பாளர் கரின்ஸ்கா வளையத்தையே எடுத்துவிட்டுக் குட்டையான ஆறேழு அடுக்குகளை மட்டும் வைத்ததற்குக் காரணம், மேடை நிறைய ஆடுபவர்கள் உரசும்போது ஒருவர் பாவாடை மற்றவர் பாவாடையைச் சாய்த்தது. ரவிக்கையிலும் சில துண்டுகளை நேர்த்துணியிலும் சிலவற்றை கிராஸ் கட்டிங்கிலும் வெட்டினார், விலா விரிந்து மூச்சுவிட இடம் கிடைக்க. நம்மூர் பிளவுஸ் தையற்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ரஷ்ய மேடை உடை வடிவமைப்பாளர் பாக்ஸ்டைப் பற்றி ஒரு திருத்தம். 1910-இல் ‘ஷெஹரசாத்’ பாலேக்கு அவர் தந்த உடைகள்தான் பாரிஸ் பெண்களைக் கார்செட்டிலிருந்து விடுவித்தன என்கிறது கட்டுரை. பாரிஸ் உடை வடிவமைப்பாளர் பால் புவாரே அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கார்செட் இல்லாத உடைகளை விற்றுக்கொண்டிருந்தார். பாக்ஸ்ட் மூட்டியது வண்ணத்தின் மீதும் கீழை நாட்டுப் பாணியின் மீதும் எழுந்த மோகத்தை. மேடையிலிருந்து தெருவுக்குப் போன சரக்கு வேறொன்று: போர்க்கால அமெரிக்காவில் தோல் காலணிக்கு ரேஷன் இருந்தது, பாலே செருப்புக்கு இல்லை, உடை வடிவமைப்பாளர் கிளேர் மெக்கார்டெல் அதையே தெருவில் போடும்படி செய்ய வைத்தார். இன்று கடைகளில் தொங்கும் ‘பாலே ஃபிளாட்ஸ்’ அதன் வாரிசு.

நாகரிகத்தை அப்படியே தூக்கி மேடையில் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1924-இல் கோகோ ஷனேல் உடை கொடுத்த ‘லெ டிரான் ப்ளூ’ பாலே பாடம். கடற்கரை நீச்சல் உடைகள், கம்பளிப் பின்னல். பார்க்க அழகு, ஆனால் பின்னல் தளர்ந்து நகர்வதால் பெண்ணைத் தூக்கும் ஆணுக்குப் பிடி நிற்கவில்லை. எதிர்த்திசையில் போனவர் பலன்சீன். 1946-இன் ‘ஃபோர் டெம்பரமென்ட்ஸ்’ நடனத்தை ஓவியர் செலிக்மன் வடிவமைத்த பாரமான உடைகள் மறைத்ததால், 1951-இல் அவற்றைக் களைந்து பயிற்சி உடையிலேயே ஆடவைத்தார். ‘எந்தக் காலமும் இல்லாத உடை’ என்று பலரும் சொல்வது இதைத்தான். ஆனால் அதுவும் தேதியைக் காட்டிவிடும்: முட்டியில் தொளதொளத்தால் அது பருத்தி அல்லது பட்டு டைட்ஸ், அதை இடுப்பில் நாணயத்தைச் சுற்றி முறுக்கி நாடாவால் இழுத்துக் கட்டிய காலம், ஒரு சுருக்கமும் இல்லாமல் ஒட்டினால் 1958-க்குப் பின் வந்த, இழுபடும் இழையான லைக்ரா. 1965 டிசம்பரில் நடன அமைப்பாளர் ரோலான் பெத்தியின் ‘நோத்ர்தாம் தெ பாரி’க்கு உடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான் தந்த கட்டங்கட்டமான வண்ணங்களும் அதே ஆண்டு அவர் கடையில் தொங்கிய மோந்த்ரியான் (ஓவியர்) பாணிக் கவுன்களும் உடன்பிறப்புகள்.

ஆகவே பழைய பாலே படத்துக்குத் தேதி போடும்போது பாவாடையை நம்பாதீர்கள். அதை மரபு காப்பாற்றும். இடுப்புக்கோடு எங்கே நிற்கிறது, தோள் சரிகிறதா, மார்பு எந்த வடிவில் தைக்கப்பட்டிருக்கிறது, முடி, புருவம்: இவற்றைப் பாருங்கள். 1841-இன் ‘ஜிஸெல்’ பாலே 1950-களில் மேடையேறினால் மார்பு கூம்பாக இருக்கும், 1960-களில் தலைமுடி உப்பியிருக்கும்.

பழையதை அப்படியே மீட்பவர்களுக்கும் இது பொருந்தும். 2015-இல் நடன அமைப்பாளர் ரத்மான்ஸ்கி அமெரிக்கன் பாலே தியேட்டருக்காக ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யை அமைத்தபோது உடைகள் பாக்ஸ்டின் 1921 வடிவங்களைத் தழுவின; பாவாடைகள் நீண்டன. கூடவே கால்களும் பழைய குறிப்பேடுகள் சொன்ன உயரத்துக்கு இறங்கின. அதைச் செய்யாமல், நீண்ட பாவாடையோடு இன்றைய உயரத்துக்குக் காலைத் தூக்கினால் நெட் அடுக்கு மொத்தமும் துணைவர் முகத்தில்தான் போய் மோதும்.

இப்படிக்கு,
மேடை உடை தைக்கும் வாசகர்,
கோயம்புத்தூர்