நாவல் எழுதுபவர் வாசிப்பைத் தள்ளிவைக்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த, முதல் நாவல் எழுத முனைவோருக்கான ஆலோசனைக் கட்டுரையை ஊன்றிப் படித்தேன். நாள்தோறும் இவ்வளவு சொற்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டு எழுத வேண்டும், முதல் வரைவு முடியும்வரை எழுதியதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, அந்தக் காலம் முழுவதும் பிறர் நாவல்களைத் தொடவே கூடாது, தொட்டால் அவர்களுடைய நடை நம்மிடம் ஒட்டிக்கொள்ளும் என்று கட்டுரையாளர் வலியுறுத்தியிருந்தார். நாள்தோறும் எழுத வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வாசிப்பைத் தள்ளிவைக்கச் சொன்னதை மட்டும் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. எழுதத் தொடங்கும் இளைஞர் ஒருவர் அதை நம்பி நடந்தால், தனக்குக் கிடைக்கக்கூடிய ஒரே ஆசிரியரைத் தானே வெளியே அனுப்பியவர் ஆவார்.

நான் நாவல் எழுதிக்கொண்டிருப்பவன். இதுவரை என் எழுத்து எதுவும் நூலாக வரவில்லை. பகலில் கணக்குப் பிரிவில் வேலை. விடியலுக்கு முன் கிடைக்கும் நேரம்தான் எழுத்துக்கு. இப்படி வேலைக்கும் வீட்டுக்கும் இடையே நாவல் எழுதுபவர்கள் எல்லா ஊர்களிலும் எல்லா மொழிகளிலும் இருக்கிறார்கள் என்பதால், என் நிலையைத் தனித்த ஒன்றாகக் கருதி இதை எழுதவில்லை.

சொற்கணக்குக்கு முன்னோடியாகக் கட்டுரையாளர் ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிராலப்பை எடுத்துக்காட்டியிருந்தார். பொருத்தமான எடுத்துக்காட்டுதான். அஞ்சல் துறையில் 1834 முதல் 1867 வரை பணியாற்றிக்கொண்டே நாவல்கள் எழுதிய அவர், காலை ஐந்தரை மணிக்கு மேசைக்கு வந்துவிடுவதையும், கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று எழுதுவதையும், அவர் மறைந்த பின் 1883-இல் வெளிவந்த தன்வரலாற்றில் சொல்லியிருக்கிறார். ஆனால் அதே பகுதியில் அவர் சொல்லும் இன்னொன்றைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார். ஒவ்வொரு நாளும் வேலையைத் தொடங்குமுன் முந்தைய நாள் எழுதியதை ஏறத்தாழ அரை மணி நேரம் படித்துப் பார்ப்பாராம். சொற்களின் ஓசையைக் காதால் எடைபோடுவதுதான் அந்த அரை மணி நேரத்தின் முதன்மையான வேலை என்கிறார். அப்படி எடைபோடுவதற்கு ஒரு காது வேண்டும். அந்தக் காது எங்கிருந்து வரும்? கடிகாரத்தை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது வாய்க்காது. நல்ல உரைநடையை ஆண்டுக்கணக்கில் படித்துப் படித்துத்தான் காது பழகுகிறது.

தமிழில் நாவல் எழுதுபவருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். நம் வாக்கியத்தில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வந்து நிற்கிறது. ஒரு மனிதன் வீட்டுக்குள் நுழைவதை எழுத உட்கார்ந்தால், ‘கதவைத் திறந்தான். உள்ளே வந்தான். விளக்கைப் போட்டான். நாற்காலியில் அமர்ந்தான்’ என்று நான்கு வாக்கியங்களும் ஒரே ஓசையில் முடிகின்றன. பக்கம் முழுவதும் இப்படியே போனால் கதையில் என்ன நடந்தாலும் படிப்பவருக்கு அலுப்புத் தட்டிவிடும். வெளிநாட்டு எழுத்துப் பயிற்சி நூல்களில் இதற்கு வழி இருக்காது; ஏனெனில் அந்த மொழிகள் பலவற்றில் இந்தச் சிக்கலே இல்லை. வழி நம் நாவல்களில் இருக்கிறது. தேர்ந்த எழுத்தாளர் ஒருவர் ஐந்தாறு செயல்களை வினையெச்சங்களாகக் கோத்து ஒரே மூச்சில் கொண்டுபோய், கடைசியில் ஒரு வினைமுற்றில் இறக்கிவைக்கிறார். இன்னொருவர் ‘வாசலில் செருப்புகள்’ என்று பெயர்ச்சொல்லோடு வாக்கியத்தை நிறுத்திவிடுகிறார்; வினையே இல்லாத அந்த வாக்கியத்திலிருந்து, யாரோ வந்திருக்கிறார்கள் என்று நாம் உணர்ந்துகொள்கிறோம். எச்சமும் முற்றும் பள்ளி இலக்கணத்தில் படித்தவைதாம். அவற்றை எங்கே எப்படிக் கையாள்வது என்பதை நான் கற்றுக்கொண்டது நாவல்களைப் பென்சிலும் கையுமாகப் படித்த இரவுகளில்தான்.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். என் நாவலில் முதிய தாய் ஒருத்தி வருகிறாள். கதைசொல்லும் குரல் அவளை ‘அவள்’ என்று குறிப்பதா, ‘அவர்’ என்று குறிப்பதா என்பதை முடிவு செய்யாமல் முதல் அத்தியாயத்தைத் தாண்ட முடியவில்லை. ‘அம்மா சன்னலருகே நின்றாள்’ என்று எழுதினால் அவள் நமக்கு அருகில் வந்துவிடுகிறாள். அவளுடைய மனத்துக்குள் போய்வர வழி கிடைக்கிறது. ‘அம்மா சன்னலருகே நின்றார்’ என்றால் ஒரு விலகல் உண்டாகிறது. அந்த மரியாதையில் மகனுடைய பார்வை படிந்துவிடுகிறது. எது சரி என்று விதி எதுவும் இல்லை. வீட்டில் இருந்த நாவல்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். சில நாவல்களில் கதைசொல்லி ‘அவள்’ என்று சொல்லிக்கொண்டு போக, அதே பக்கத்தில் மகன் பேசும்போது ‘அம்மா சொன்னாங்க’ என்கிறான். இரண்டும் அருகருகே இருந்தும் முரணாகத் தெரியவில்லை. வேறு சிலவற்றில் மகனின் நினைவாக வரும் பகுதிகளில் மட்டும் ‘அவர்’ வருகிறது. இவற்றையெல்லாம் பார்த்த பிறகுதான், கேள்வி மரியாதையைப் பற்றியது இல்லை, யாருடைய கண்ணால் இந்தக் கதை பார்க்கப்படுகிறது என்பதைப் பற்றியது என்று எனக்குப் புரிந்தது. எழுதும் காலத்தில் பிறர் நாவல்களைத் தொடாமல் இருந்திருந்தால் இந்தத் தெளிவு எனக்குக் கிடைத்திருக்காது. தேவை எழுந்தது எழுதும்போதுதான். விடை தேடிப் போக வேண்டியிருந்ததும் அப்போதுதான்.

கதையில் காலம் நகர்வதையும் இப்படியே கவனித்துவருகிறேன். பத்து ஆண்டுகள் ஓடிவிட்டன என்று எழுதுவது எளிது. பத்து ஆண்டுகள் ஓடிவிட்டதைப் படிப்பவர் உணரும்படி செய்வது வேறு வேலை. நான் பெரிதும் மதிக்கும் ஒரு நாவலில், ஓர் அத்தியாயத்தின் முடிவில் நடக்கப் பழகிக்கொண்டிருந்த குழந்தை, அடுத்த அத்தியாயத்தின் முதல் பத்தியில் யாருக்கோ விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். ஆண்டும் இல்லை, வயதும் இல்லை. படிப்பவர் சட்டென்று நின்று, கணக்குப் போட்டு, மீண்டும் நடக்கத் தொடங்குகிறார். முதல் வாசிப்பில் கதையின் வேகத்தில் அதைக் கடந்துபோய்விட்டேன். இரண்டாம் முறை படித்தபோதுதான் அந்த இடைவெளியே ஒரு நிகழ்ச்சியாக இருப்பது தெரிந்தது. இப்படிப் பிரித்துப் பார்த்தால் படிக்கும் இன்பம் போய்விடாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். போகவில்லை; கூடியிருக்கிறது. சமைக்கத் தெரிந்தவர் விருந்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சுவைக்கிறாரே தவிர, பசியை இழந்துவிடுவதில்லை.

பிறர் நடை ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சத்துக்கு வருகிறேன். அந்த அச்சம் வீண் என்று நான் சொல்லவில்லை. ஓர் எழுத்தாளரை மட்டுமே விரும்பி, அவரை மட்டுமே திரும்பத் திரும்பப் படிப்பவருடைய வாக்கியத்தில் அவருடைய சாயல் விழத்தான் செய்யும். ஆனால் அதற்கு மருந்து பட்டினி இல்லை. இன்னும் பல எழுத்தாளர்களைப் படிப்பதுதான். ஸ்காட்லாந்து நாவலாசிரியர் ஆர். எல். ஸ்டீவன்சன் இளமையில் இரண்டு புத்தகங்களை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருந்ததாக எழுதியிருக்கிறார். ஒன்று படிப்பதற்கு, மற்றது எழுதிப் பார்ப்பதற்கு. தமக்குப் பிடித்த பகுதி ஒன்றைப் படித்தால் உடனே உட்கார்ந்து அதைப் போலவே எழுத முயல்வாராம். ஹாஸ்லிட், லாம், டெஃபோ, மாண்டேன் என்று அவர் வரிசையாகப் பார்த்து எழுதியவர்களின் பட்டியல் நீண்டது. இதைத் தயக்கமின்றி வெளிப்படையாகச் சொல்லி, எழுதக் கற்றுக்கொள்ளும் வழி இதுதான் என்றும் அவர் வாதிடுகிறார். அத்தனை பேரையும் பார்த்து எழுதியவருடைய பக்கத்தை இன்று யார் எடுத்துப் படித்தாலும் அது அவருடைய நடை என்றே அடையாளம் காண்கிறோம். பலரிடம் கடன் வாங்கியதால்தான் எவருக்கும் அவர் அடிமையாகவில்லை.

வாசிப்புக்குச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் எழுத்திலிருந்து திருடப்பட்டது என்பது போலவும் கட்டுரையில் ஒரு கணக்கு இருந்தது. வேலைக்குப் போய்வருபவருடைய நாள் அப்படி அமைந்திருப்பதில்லை. பேருந்தில் நின்றுகொண்டே படிக்கலாம், எழுத முடியாது. மருத்துவமனையில் வரிசைக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஓர் அத்தியாயம் படிக்கலாம், ஒரு பத்திகூட எழுத வராது. மாலையில் வீடு திரும்பும்போது புதிதாக ஒன்றை உருவாக்கும் தெம்பு இல்லாத மனம், பிறர் உருவாக்கியதை வாங்கிக்கொள்ளும் நிலையில் இருக்கிறது. எழுத்துக்கு உரிய நேரம் வேறு, வாசிப்புக்கு உரிய நேரம் வேறு. இரண்டும் ஒன்றோடொன்று மோதுவது நான் அறிந்தவரை குறைவு. எழுத்து நேரத்தை உண்மையில் தின்பது கைப்பேசி. அதைப் பற்றிக் கட்டுரையாளர் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

ஒன்றும் வெளிவராத காலத்தைப் பற்றியும் இங்கே பேச வேண்டும். ‘புத்தகம் எப்போது வரும்?’ என்று உறவினர்கள் அன்போடுதான் கேட்கிறார்கள். சொல்வதற்குப் பதில் இருப்பதில்லை. பதிப்பகத்துக்கு அனுப்பிய கைப்பிரதிக்கு மாதக்கணக்கில் ஒரு வரி மறுமொழியும் வராமல் போவதுண்டு. அந்த நாட்களில் நாவலாசிரியர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள ஒருவருக்கு எந்தச் சான்றும் கிடையாது. வாசகர் என்று சொல்லிக்கொள்ள மட்டும் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. போர்த்துகீசிய எழுத்தாளர் ஜோசே சரமாகோவின் வாழ்க்கையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது இதனால்தான். 1922-இல் பிறந்த அவர், நூல்கள் இல்லாத வீட்டில் வளர்ந்தவர். தொழிற்பள்ளியில் படித்துவிட்டு வாகனப் பழுதுபார்ப்புப் பட்டறையில் மெக்கானிக்காக வேலை பார்த்தார். மாலை வேளைகளில் லிஸ்பன் நகரின் பொது நூலகத்துக்குப் போய், வழிகாட்ட எவரும் இல்லாமல், ஆர்வம் ஒன்றையே துணையாகக் கொண்டு படித்தார். முதல் நாவல் 1947-இல் வந்தது. அடுத்து எழுதிய நாவலைப் பதிப்பகத்துக்குக் கொடுத்தார், பதிலே வரவில்லை. அதன்பின் அவருடைய அடுத்த நாவல் அச்சேறியது 1977-இல். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் பதிப்பகத்திலும் நாளிதழ்களிலும் வேலை பார்த்தார், கவிதை எழுதினார், பிறருடைய நூல்களை மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்பைவிட நெருக்கமான வாசிப்பு வேறு ஏது? 1982-இல் வெளிவந்த நாவல் அவரை உலகம் அறியச் செய்தபோது அவருக்கு அறுபது வயது. 1998-இல் நோபல் பரிசு பெற்றார். பரிசு கிடைத்ததால் அவர் வாசித்தது வீண்போகவில்லை என்று சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. பரிசு வராமல் போயிருந்தாலும் அந்த நூலக மாலைகள் அவருக்கு நிறைவு தந்திருக்கும் என்றே நம்புகிறேன். எழுத்தை நாடி வரும் பெரும்பாலோருக்குப் பரிசு வருவதில்லை. புத்தகமும் சிலருக்கு வருவதில்லை. வாசிப்பைப் பிடித்துக்கொண்டவர்கள் அதனால் வெறுங்கையோடு நிற்பதில்லை.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளிதழ்களின் நூல் மதிப்புரைகள் பெரும்பாலும் கதைச் சுருக்கத்தையும் இரண்டு வரிப் பாராட்டையும் தந்து முடிந்துவிடுகின்றன. அவற்றால் புதிய நூல் ஒன்று வந்திருப்பது தெரிகிறது. அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது தெரிவதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது, பழையதோ புதியதோ, ஒரு நாவலின் ஒரே ஓர் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு, அது எங்கே தொடங்குகிறது, யாருடைய கண்ணால் பார்க்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று விளக்கும் கட்டுரை ஒன்றை அரைப் பக்கம் அளவில் வெளியிட வேண்டுகிறேன். பேராசிரியர்களும் திறனாய்வாளர்களும் மட்டும் அதை எழுத வேண்டும் என்பதில்லை. மொழிபெயர்ப்பாளர்கள், மெய்ப்புத் திருத்துபவர்கள், நூலகர்கள், ஒரே நாவலைப் பலமுறை படித்த வாசகர்கள் என்று பலருக்கும் இடம் தரலாம். அப்படி ஒரு பகுதி தொடங்கப்படுமானால், குழந்தை வளர்ந்து விண்ணப்பம் நிரப்பும் அந்த அத்தியாயத்தைப் பற்றி, மூலநூலின் பக்க எண்களோடு, எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்