அண்ணனுக்கு, இரண்டு கேசட்டுகளுடன்

ஸ்லவ், இங்கிலாந்து
8.8.2004, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். அங்கே அம்மா, அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே? ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரைக்குப் போனீர்களா? அம்மாவின் முழங்காலுக்கு நான் எழுதி அனுப்பிய மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். தீர்ந்துவிடுமே என்று சிக்கனம் பிடிக்கிறார். தினமும் போடச் சொல்லுங்கள்.

போன வாரம் பேசும்போது என் பையன், அதாவது உங்கள் மருமகன், "அங்கே சினிமா பார்த்தாயா, என்ன கதை?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் ஃபோன் கார்டு தீர்ந்துவிட்டது. அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில்தான் இந்தக் கடிதம். ஆனால் நான் பார்த்த 'தண்டர்பேர்ட்ஸ்' படத்தைவிட, அதற்கு முன்னால் வந்த பொம்மைத் தொடரைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். டிவி ரிப்பேர் செய்கிறவர் என்பதால் அந்தப் பகுதி உங்களுக்குத்தான் பிடிக்கும்.

இந்த ஊரின் பெயரை முதல் மாதம் முழுக்க 'ஸ்லோ' என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரும் திருத்தவில்லை, இங்கே அதுதான் மரியாதை. லண்டனுக்கு மேற்கே, ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மொட்டைமாடி இருந்தால் விமானத்தின் வயிற்றைத் தொட்டுவிடலாம் போலிருக்கும், ஆனால் ஒரு வீட்டுக்கும் மொட்டைமாடி கிடையாது. இரவு எட்டரை வரை வெளிச்சமாக இருப்பதால், நைட் டியூட்டி முடிந்து பகலில் தூங்கி எழுந்தால் காலையா மாலையா என்று கொஞ்ச நேரம் புரிவதில்லை. ரயில் நிலையத்துக்கு அருகே செங்கல் கோட்டை மாதிரி ஒரு பழைய கட்டடம். என்னவென்று கேட்டால் ஹார்லிக்ஸ் தொழிற்சாலை! நம் வீட்டில் காய்ச்சல்காரர்களுக்கு மட்டும் திறக்கப்படுகிற அந்தப் பாட்டிலின் பூர்வீகம் இது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஆனால் எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஒருவர்கூட ஹார்லிக்ஸ் வாங்கி வருவதில்லை. பூங்கொத்தும் திராட்சையும்தான்.

நான் வாடகைக்கு இருக்கும் அறை ஒரு வெள்ளைக்காரப் பாட்டியின் வீட்டில். பெயர் சொல்லிக் கூப்பிடு என்கிறார். எழுபதை நெருங்குகிறவரை எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? வாய் வரவில்லை. கூப்பிடாமலே பக்கத்தில் போய் நின்று பேசத் தொடங்கிவிடுவேன். பாட்டி அந்தக் காலத்தில் இந்த ஊர்த் தொழிற்பேட்டையில் சாக்லெட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நம் கிண்டி மாதிரி பெரிய பேட்டை. அதற்குள்ளே ஸ்டிர்லிங் சாலை என்று ஒரு தெரு. சாதாரண ஷெட்டுகள் இருக்கிற அந்தத் தெருவில்தான் 1960-களில் ஒரு பொம்மைப் படக் கூடம் இருந்ததாம். 'தண்டர்பேர்ட்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரை அங்கேதான் எடுத்தார்கள். 1965-இல் தொடங்கி மொத்தம் 32 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். ஜெர்ரி ஆண்டர்சன், சில்வியா ஆண்டர்சன் என்ற கணவன் மனைவி உருவாக்கியது.

பாட்டியின் மகனுக்கு வயது 46. முதல் ஒளிபரப்பின்போது ஏழு வயது. அவரிடம் அந்தத் தொடரின் பழைய வீடியோ கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. தூக்கம் வராத பகல்களில் பாட்டியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

கதை எளிது. நூறாண்டுக்குப் பிந்திய காலம். பசிபிக் கடலில் யாருக்கும் தெரியாத ஒரு தீவு. விண்வெளி வீரராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு தந்தை, ஐந்து பிள்ளைகள். உலகத்தில் எங்கே யார் உயிருக்குப் போராடினாலும் ராட்சத ஊர்திகளோடு பறந்து போய்க் காப்பாற்றிவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் திரும்பிவிடுவார்கள். ஆண்டர்சனுக்கு இந்த எண்ணம் வந்தது ஒரு நிஜ விபத்திலிருந்து. 1963-இல் ஜெர்மனியில் லெங்கெடே என்ற ஊரில் இரும்புச் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்தது. துளைபோடும் பெரிய எந்திரத்தை வெகுதூரத்திலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. பதினான்கு நாள் கழித்து 11 பேரை உயிரோடு மேலே தூக்கினார்கள். 29 பேர் போய்விட்டார்கள். எந்திரம் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்ற ஒரே ஏக்கம்தான் முழுத் தொடரும்.

இனி உங்களுக்கான பகுதி. பொம்மையின் உயரம் ஏறக்குறைய 55 செ.மீ., ஒரு முழத்துக்குச் சற்று மேல். தலை கண்ணாடியிழை. அதற்குள்ளே ஒரு குட்டி சோலனாய்டு, அதாவது கரன்ட் பாய்ந்தால் இழுக்கிற காந்தச் சுருள். நடிகர்கள் முன்கூட்டியே பேசிப் பதிவு செய்த டேப்பிலிருந்து வருகிற மின்துடிப்பு, பொம்மையைத் தாங்கியிருக்கும் டங்ஸ்டன் கம்பி வழியாகவே தலைக்குள் இறங்கும். துடிப்பு வரும்போதெல்லாம் கீழுதடு அசையும். தூக்கிப் பிடிக்கிற கம்பியே கரன்ட் கொண்டுபோகிற கம்பியும்! அந்தச் சோலனாய்டு தலைக்குள் அடங்க வேண்டும் என்பதால்தான் எல்லோருக்கும் உடம்பைவிடத் தலை பெரிது. நடக்க மட்டும் வராது. நடந்தால் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை குதிப்பது போலிருக்கும். அதனால் எழுதுகிறவர்களே தந்திரம் செய்திருக்கிறார்கள்: சோபா அப்படியே தரைக்குள் இறங்கும், சுவரில் மாட்டிய படம் கவிழ்ந்து சறுக்குமரமாகும், ஊர்தி வரை பொம்மை உட்கார்ந்தபடியே போய்விடும். பொத்தானை அழுத்துகிற காட்சி நெருக்கத்தில் வந்தால் திடீரென்று மனிதக் கை! முதல் முறை பார்த்தபோது சிரித்துவிட்டேன். பாட்டி முறைத்தார்.

ஊர்திகளை எடுத்தவர் டெரெக் மெடிங்ஸ். பின்னாளில் ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்கு வேலை செய்தவர். கேமராவை வேகமாக ஓட்டி எடுத்து, சாதாரண வேகத்தில் காட்டுவார்கள். அப்போது கையடக்க மாதிரிக்குக்கூட எடை வந்துவிடுகிறது. பச்சை நிறத்தில் ஒரு பெருத்த ஊர்தி இருக்கிறது, அது கிளம்பும்போது வழிவிட்டு இருபுறமும் தென்னைமரங்கள் சாய்ந்து படுக்கும். அந்த மரங்கள் சாயும் நிதானத்துக்காகவே நான்கு முறை பார்த்தேன்.

முதல் அத்தியாயத்தையே சொல்கிறேன். லண்டன் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய விமானத்தின் சக்கரப் பகுதியில் குண்டு. சக்கரம் தரையில் பட்டால் வெடிக்கும். ஓடுபாதையில் மூன்று வண்டிகளை ஓடவிட்டு, விமானத்தை அவற்றின் முதுகில் இறக்கப் பார்க்கிறார்கள். அதில் ஒரு வண்டி கட்டுப்பாடு இழந்து தறிகெட்டு ஓடி நொறுங்குகிறது. கத்தலோ கூப்பாடோ இல்லை. இன்னொரு வண்டியைக் கொண்டு வருகிறார்கள், அவ்வளவுதான். நள்ளிரவில் ஒரு நோயாளிக்கு மூச்சு நின்று, எங்கள் வார்டில் நாலு பேர் ஓடி வந்து வேலை செய்யும்போதும் இப்படித்தான் இருக்கும். ஒரு ஊசி நரம்பில் ஏறாவிட்டால் அடுத்ததை எடுப்போம். அழுவதெல்லாம் டியூட்டி முடிந்து பஸ்ஸில். அசையாத முகம் கொண்ட அந்தப் பொம்மைகளிடம் இதைப் பார்த்ததிலிருந்து எனக்கு அவற்றின் மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது.

இப்போது அதையே நிஜ மனிதர்களை வைத்துப் பெரிய திரைக்கு எடுத்திருக்கிறார்கள். ஜூலை 25 அன்று பாட்டியின் மகன், தன்னுடைய எட்டு வயதுப் பையன், பாட்டி ஆகியோரோடு என்னையும் அழைத்துப் போனார். டிக்கெட் அவர் எடுத்தார், அதனால் எதையும் பவுண்டுக்கு 83 ரூபாய் என்று பெருக்காமல் நிம்மதியாக உட்கார்ந்தேன்.

அண்ணா, அப்போது என் மனநிலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். கும்பகோணத்துப் பள்ளிக்கூடத் தீ விபத்து நடந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. ஜூலை 16 அன்று வார்டு டிவியில் கும்பகோணத்தின் பெயர் வந்தது. 90-க்கும் மேற்பட்ட குழந்தைகள். நமக்கும் கும்பகோணத்துக்கும் எவ்வளவு தூரம்! நம்முடையவன் அந்தப் பள்ளியில் இல்லை என்பது அறிவுக்குத் தெரிந்தும், உங்கள் கடைக்கு லைன் கிடைக்கும் வரை நான் எதைத் தொட்டேன், எங்கே நின்றேன் என்று நினைவில்லை. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. யாராவது சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்வதைப் பார்க்க வேண்டும். பொய்யாக இருந்தாலும் போதும்.

படத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? தொடக்கத்தில் எண்ணெய்க் கிணற்று மேடை ஒன்றில் மீட்பு நடக்கிறது, அதையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் டிவியில் பார்ப்பதாகக் காட்டுகிறார்கள். பிறகு தந்தையையும் நான்கு அண்ணன்மார்களையும் வில்லன் விண்வெளி நிலையத்திலேயே பூட்டிவிடுகிறான். காப்பாற்ற வேண்டியவர்கள் கடைசிக்கட்டம் வரை மேலே மூச்சு முட்டிக் கிடக்கிறார்கள். கீழே கடைக்குட்டியும் இரண்டு சிநேகிதர்களும் காட்டுக்குள் ஓடுகிறார்கள், ஒளிகிறார்கள், பசையைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். முடிவில் லண்டனில் ஒரு ரயில் பெட்டி தேம்ஸ் நதிக்குள் மூழ்கும்போதுதான் யாருக்கோ மீட்புப் பணி ஞாபகத்துக்கு வருகிறது. குழந்தைகளுக்கான படம் என்றால் குழந்தைகளே நாயகர்களாக இருக்க வேண்டும் என்று எந்த மேசையில் முடிவு செய்தார்களோ! பாட்டியின் மகன் ஏழு வயதில் விரும்பியது இன்னொரு ஏழு வயதுப் பையனை அல்ல. பெரியவர்கள் வருவார்கள், அவர்களுக்கு வேலை தெரியும் என்ற தைரியத்தைத்தான்.

இயக்கியவர் ஜொனாதன் ஃப்ரேக்ஸ். 'ஸ்டார் டிரெக்' தொடரில் நடித்தவர், அதன் திரைப்படங்களையும் இயக்கியவர். விண்வெளி அவருக்குப் புதிதல்ல. ஆனால் பொம்மைகளை உருவாக்கிய ஜெர்ரி ஆண்டர்சனை இந்தப் படத்தில் சேர்த்துக்கொள்ளவே இல்லை. மனிதர் இன்னும் உயிரோடு இருக்கிறார். வீட்டுப் பெரியவரை விட்டுவிட்டு நிச்சயதார்த்தம் நடத்துவது போல இல்லையா இது?

வில்லன் யார் என்று அம்மாவிடம் சொன்னால் நம்ப மாட்டார். 'காந்தி' படத்தில் காந்தியாக நடித்த பென் கிங்ஸ்லி! கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு, பார்வையாலேயே ஆட்களைத் தூக்கி எறிகிறார். அவரைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தப் படத்தின் மேல் உண்மையான கோபம் வந்தது. ஏனென்றால் அவர் பாத்திரத்துக்கு நல்ல காரணம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். மலேசியாவில் அவனுடைய வைரச் சுரங்கம் இடிந்தபோது, மற்றவர்களைக் காப்பாற்றியவர்கள் இவனை உள்ளேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். யாரை முதலில் தூக்குவது, யாரை விட்டு நகர்வது! அவசரப் பிரிவில் ஒவ்வொரு இரவும் நாங்கள் சுமக்கிற கேள்வி. விடப்பட்டவன் பிழைத்துத் திரும்பி வந்து எதிரே நின்றால் என்ன சொல்வோம்? ஒரு முழுப் படத்துக்குப் போதுமான விஷயம். அதை இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டு, அவனை வங்கி கொள்ளையடிக்க அனுப்பிவிட்டார்கள்.

நல்லது எதுவுமே இல்லையென்று சொன்னால் பாவம். பெனலோப்பி சீமாட்டியாக வரும் சோஃபியா மைல்ஸும், அவருடைய டிரைவர் பார்க்கராக வரும் ரான் குக்கும் வந்தபோதெல்லாம் அரங்கமே நிமிர்ந்து உட்கார்ந்தது. தொடரில் அவர்களுடையது இளஞ்சிவப்பு ரோல்ஸ் ராய்ஸ். படத்தில் அது ஃபோர்டு ஆகிவிட்டது. அந்த முத்திரை தெரிந்ததும் பாட்டி விட்ட பெருமூச்சு முன்வரிசைக்குக் கேட்டிருக்கும். தென்னைமரங்களும் சாய்கின்றன. ஆனால் படபடவென்று சாய்ந்துவிடுகின்றன, மெடிங்ஸின் நிதானம் இல்லை.

எட்டு வயதுப் பையனுக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்ல வேண்டும் அல்லவா? வெளியே வந்ததும் சிரித்துக்கொண்டே, "நல்லா இருந்தது இல்லையா அப்பா?" என்று கேட்டான். அவன் அப்பா, "ஆமாம்" என்றார். கார் வரை வேறொன்றும் பேசவில்லை. கார் கதவைத் திறந்துவிட்டு, எங்கள் தலைக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்த விமானத்தின் சக்கரங்கள் மறைகிற வரை பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் என்று பாட்டிக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

இருக்கட்டும். எங்கள் வார்டில் வேலை செய்யும் கேரளப் பெண் ஓணத்துக்கு ஊருக்கு வருகிறாள். திருச்சியில் அவளுடைய தங்கை இருக்கிறாள், அவள் மூலம் இரண்டு கேசட்டுகள் வந்து சேரும். அதில் விமான நிலைய அத்தியாயம் இருக்கிறது. டிவிடி வாங்கி அனுப்பலாம் என்று பார்த்தேன், இந்த ஊர்த் தட்டு அங்குள்ள பிளேயரில் ஓடாது என்றார்கள். கேசட் இங்கேயும் அங்கேயும் 'பால்' (PAL) என்ற ஒரே வீடியோ முறைதான் என்பதால் தடையில்லை. போடுவதற்கு முன் விசிஆரின் ஹெட்டை ஒருமுறை துடைத்துவிடுங்கள், பாட்டியின் மகன் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றி வைத்திருந்த கேசட்டுகள் அவை. ஆங்கிலம் புரியாவிட்டாலும் உங்கள் மருமகனுக்குக் கதை புரியும். கம்பி எங்கே தெரிகிறது என்று அவனைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

பணம் பத்தாம் தேதி அனுப்புகிறேன். அவன் பள்ளிக்கூடத்தில் பின்பக்கம் கீற்றுக் கொட்டகையில் இரண்டு வகுப்பு நடக்கிறதே, அதைப் பிரித்துவிட்டார்களா? பிரிக்கச் சொல்லி உத்தரவு வந்திருப்பதாகச் சொன்னார்கள். யாரோ சொன்னார்கள் என்று இருந்துவிடாமல் நீங்களே ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடும்போது முதலில் அதைச் சொல்லுங்கள். கார்டு தீர்ந்துவிடப் போகிறது.

அன்புடன்,
உங்கள் தங்கை