நாலால் வகுத்தால் ஒருவர் சமையல் ஆகாது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளியூரில் அறை எடுத்துத் தங்கி, தனக்குத் தானே பொங்கிச் சாப்பிடுபவர்களுக்காக இதழ்களில் வரும் சிக்கனக் குறிப்புகளைத் தொடர்ந்து படிக்கிறேன். பெரும்பாலானவை நாலு பேர் வீட்டுக் கணக்கை நாலால் வகுத்தவை. அரிசியையும் பருப்பையும் அப்படி வகுக்கலாம். கொதியில் வற்றுகிற தண்ணீரை வகுக்க முடியாதே! ஒருவருக்கு வைக்கும் ரசம் உப்புக் கரிப்பதும் சோறு அடிப்பிடிப்பதும் அதனால்தான். நாலு நாள் இப்படியானால் ஐந்தாம் நாள் ஓட்டல் பார்சல்தான்.

ஒரு வேளைக்கு அரை ஆழாக்கு அரிசி, சுமார் 75 கிராம். நன்றாகச் சாப்பிடுபவருக்கு முக்கால். சாம்பாருக்குத் துவரம்பருப்பு 30 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. புளி கோலிக்குண்டு அளவு போதும். இந்த அரிசியை 5 லிட்டர் குக்கரில் நேரடியாகப் போட்டால் அகலமான அடியில் தண்ணீர் சீக்கிரம் சுண்டி, சோறு தீயும். 3 லிட்டர் குக்கரில் ஒன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, உள்ளே இரண்டு கிண்ணங்களை அடுக்குங்கள். மேல் கிண்ணத்தில் அரிசியும் அதற்கு மூன்று பங்கு தண்ணீரும். அடிக் கிண்ணத்தில் அரை மணி நேரம் ஊறிய பருப்பு, மஞ்சள்தூள், இரண்டு சொட்டு நல்லெண்ணெய். பருப்பும் தண்ணீருமாகக் கிண்ணத்தில் பாதிக்கு மேல் நிரம்பினால் நுரை பொங்கி வழியும், வெயிட் துவாரத்தையும் அடைக்கும். நாலைந்து விசில் வந்ததும் அணைத்து, ஆவி தானாக அடங்கும்வரை திறக்கக் கூடாது. உப்பும் புளித்தண்ணீரும் பருப்பு வெந்த பிறகுதான். முன்பே புளி சேர்ந்தால் பருப்பு மசியவே மசியாது.

ரசத்துக்கு வாய் குறுகிய, உயரமான பாத்திரம் வேண்டும். உப்பை இறக்கும்போது போடுவது நல்லது. தாளிப்பதற்கு வாணலி ஆகாது. ஒரு டீஸ்பூன் எண்ணெய் அதில் பரவிப்போய், கடுகு வெடிக்காமல் கருகும். குழிவான தாளிப்புக் கரண்டியில் அதே எண்ணெயில் கடுகு மூழ்கிப் பொரியும். அதுபோல, இரண்டு கரண்டி சட்னி பெரிய மிக்ஸி ஜாரில் அரைபடாது, பிளேடுக்கு எட்டாமல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சின்ன ஜாரை விடாதீர்கள்.

இனி கடை. 2022 ஜூலை 18 முதல் பொட்டலம் கட்டி, லேபிள் ஒட்டி வரும் அரிசி, பருப்புக்கு (25 கிலோ வரை) 5 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. மூட்டையிலிருந்து நிறுத்துத் தருவதற்கு இல்லை. எனவே தெருமுனை மளிகைக் கடைதான் தனி ஆளுக்கு உதவி. அங்கே 100 கிராம் கடலைப்பருப்பும் கிடைக்கும். பெரிய பொட்டலத்தில் கிராமுக்கு விலை குறைவுதான். ஆனால் ஒரு கிலோ ரவையை ஒருவர் தீர்ப்பதற்குள் வண்டு வைத்துவிடும். வீணாகிக் கொட்டியதையும் கணக்கில் சேர்த்தால் கால் கிலோ வாங்கியதுதான் மலிவு. ரேஷன் அட்டை உள்ளவர்களுக்கு மாதம் 1 கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நாளுக்கு 30 கிராம் வீதம் 33 நாள் வரும்.

காய்கறியில் கூறு கட்டி விற்பதை வாங்காதீர்கள், ஒரே காய் அரைக் கிலோ தலையில் விழும். ஒரு முருங்கைக்காய், இரண்டு கத்தரிக்காய், ஒரு கேரட் என்று கலந்து தரும் ‘சாம்பார் காய்’ கேட்டு வாங்குங்கள். கீரைக்கட்டு வாங்கினால் வேரை வெட்டி, கழுவாமல் பருத்தித் துணியில் சுற்றி ஃப்ரிஜ்ஜில் வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் மறுநாளே கொழகொழத்துவிடும். தேங்காய் உடைத்தால் கண் உள்ள மூடிதான் முதலில் கெடும், அதை முதலில் தீர்த்துவிட வேண்டும். மற்றதைத் துருவி, இரண்டிரண்டு கரண்டியாகப் பிரித்து ஃப்ரீசரில் வைக்கலாம். ஃப்ரிஜ் இல்லாதவர்கள் முழுத் தேங்காயே வாங்க வேண்டாம், சில்லாக விற்கும் கடைகள் இருக்கின்றன.

தங்கள் சமையல் பக்கத்தில் வாரம் ஒரு குறிப்பையாவது ‘ஒருவருக்கு’ என்று அளவு போட்டு, எத்தனை லிட்டர் பாத்திரம் என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி, ஸ்ரீரங்கம்