அந்த நெளிகோடு வெறும் அலங்காரமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொல்பழங்காலக் குத்துவாள்கள் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். அலகுகளை அத்தனை நுணுக்கமாக விவரித்த கட்டுரையாளர், டென்மார்க்கின் ஹின்ட்ஸ்காவ்ல் குத்துவாளின் பிடியில் ஓடும் நெளிகோட்டை ‘அலங்காரம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு விட்டுவிட்டது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

ஏறத்தாழ கி.மு. 1900–1700 காலத்தைச் சேர்ந்த அந்தக் குத்துவாள், அலகும் பிடியும் சேர்ந்து 29.5 செ.மீ. நீளமுள்ள ஒரே சக்கிமுக்கிக் கல். அலகின் தடிமன் ஒரு செ.மீ.கூட இல்லை. பிடியின் நெடுக ஓடும் நெளிகோடு, இடமும் வலமுமாக மாறி மாறிப் பொடிச் சில்லுகளைப் பெயர்த்து உண்டாக்கியது. உற்றுப் பார்த்தால் தோலின் இரு ஓரங்களைச் சேர்த்துத் தைத்த தையல் போலவே தெரியும். தோல் போர்த்திய பிடியைத்தான் கல்லில் வடித்திருக்கிறார்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து; எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. குத்துவதற்கோ அறுப்பதற்கோ துளியும் உதவாத அந்தத் தையலுக்காக, ஒரு சில்லு பிசகினாலும் அதுவரை செய்த வேலை முழுவதும் பாழாகும் என்று தெரிந்தே அந்தக் கைவினைஞர் துணிந்திருக்கிறார்.

மரமும் கொம்பும் தோலும் மக்கிவிடுவதால் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மொட்டை அலகுகளே. 1991இல் ஆல்ப்ஸ் பனியிலிருந்து வெளிப்பட்ட ‘ஏட்சி’ என்ற தொல்பழங்கால மனிதனின் உடலோடு கிடைத்த குத்துவாளில், மரப்பிடியும் கல் அலகைப் பிணைத்த விலங்கு நரம்பும்கூட அப்படியே இருந்தன. அது அரிய விதிவிலக்கு. வெண்கல அலகுகளிலோ, பிடியை அலகோடு பிணைத்த தறையாணிகளின் துளைகளையும், பிடி மூடியிருந்த இடத்தில் படிந்த நிறமாற்றத்தையும் கொண்டே பிடியின் வடிவை ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்துக்கு அருகிலுள்ள புஷ் பாரோ என்ற புதைமேட்டை 1808இல் அகழ்ந்தபோது நேர்ந்ததை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது. அங்கிருந்த குத்துவாளின் மரப்பிடியில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 மி.மீ. நீளமே உள்ள தங்க ஆணிகள் பதிக்கப்பட்டிருந்தன; அவை 1,40,000 வரை இருந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அவை என்னவென்று உணரும் முன்பே தொழிலாளியின் கரணை பட்டுப் பெரும்பகுதி சிதறிப்போயிற்று.

கட்டுரையோடு அச்சான ஹின்ட்ஸ்காவ்ல் படத்தில் பிடியின் பாதி பக்க ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. அடுத்த இதழிலாவது அந்தத் தையல் தெரியும்படி பிடியின் அண்மைப் படமொன்றை வெளியிடுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்