காலாண்டு லீவும் பொம்மை விஷயமும்

பெற்றோர் எல்லாருக்கும் வணக்கம்ங்க.

காலாண்டுப் பரீட்சை நல்லபடியா முடிஞ்சுது, பேப்பர் திருத்தியாச்சு, லீவு முடிஞ்சு வந்ததும் மார்க் கார்டு கைக்கு வரும். கபடியில நம்ம பசங்க ரெண்டாவது வந்தாங்க, கையெழுத்துப் போட்டியிலயும் பரிசு இருக்கு, ரொம்ப நாளா ஒழுகிட்டு இருந்த மாடிக் குழாயும் ஒருவழியா சரியாயிருச்சு. எல்லாருக்கும் வாழ்த்துகள்.

அப்புறம் அந்தப் பொம்மை விஷயம்.

ஆகஸ்ட் 7 தேசிய கைத்தறி நாள்னு உங்களுக்குத் தெரியும். 1905-ல சுதேசி இயக்கம் ஆரம்பிச்ச தேதி அது, கைத்தறி நாளா 2015-ல முதல்முதலா கொண்டாடுனதே நம்ம சென்னையிலதான். பவானி பக்கத்துல ஜமக்காளத் தறிச் சத்தம் கேட்டு வளர்ற பிள்ளைங்க பாவு (நீளவாக்கு நூல்) எது, ஊடை (குறுக்கு நூல்) எதுன்னு தெரியாம இருக்கக் கூடாதேன்னுதான் நாலாவது, அஞ்சாவது பசங்களுக்கு அட்டைத் தறியில நெய்யற வேலையைக் குடுத்தோம். பழைய நோட்டு அட்டை ஒண்ணு, மேலயும் கீழயும் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு, அதுல நூலை இழுத்துக் கட்டுனா தறி ரெடி. ஊடைக்கு திருப்பூர் பனியன் வேஸ்ட். அதை நாடாவா வெட்டி ரெண்டு பக்கமும் ஒரு இழு இழுத்தா தானா சுருண்டு கயிறு மாதிரி ஆயிரும், அதைப் பார்த்து பசங்க கத்துன கத்துல பக்கத்து கிளாஸ் டீச்சரே எட்டிப் பார்த்தாங்க. அப்படி நெய்ஞ்ச துணிய சட்டையா வச்சு, வீட்டுல கிடக்கற பழசுபட்டதுல ஒரு பொம்மை செஞ்சுட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பினோம். செலவு பைசா கிடையாது.

வந்த பொம்மைங்க அழகுதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா பாதிக்கு மேல பிள்ளைங்க செஞ்சதில்லைங்க. ஒரு பொம்மை காலுக்கு அடியில விலை ஸ்டிக்கரே இருந்துச்சு. இன்னொண்ணு புது ஃபெல்ட் துணி, ஆடுற கண்ணு, குளூ கன் வச்சு ஒட்டுனது, செஞ்ச பொண்ணுகிட்ட எப்படிம்மா செஞ்சேன்னு கேட்டா "அம்மா ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் உக்காந்தாங்க மிஸ்"னு பெருமையா சொல்லுது. ஒரு தறிக்காரர் வீட்டுல இருந்து நிஜத் தறியில அறுத்த துண்டே வந்துருச்சு! அவரு கைவேலைக்கு நான் கும்பிடு போடுறேன், ஆனா மார்க் அவருக்கா போடுறது?

பார்த்தா எங்களுக்குத் தெரியுங்க. குழந்தை நெய்ஞ்சா ஊடையை இறுக்கி இழுத்துரும், துணி நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்கிரும், ஒரு வரி மேல போகவேண்டியது கீழ போயிருக்கும். அடுத்த தடவை ஊடையைக் கொஞ்சம் வளைவா விட்டு, பழைய சீப்பால தட்டணும்னு அதுங்களா கண்டுபிடிக்கறதுதான் பாடமே. நேரா ஸ்கேல் வச்ச மாதிரி கரை வந்தா அதுல பிள்ளை என்ன கத்துக்கிட்டுச்சு?

ஒரு பையன் கொண்டு வந்த பொம்மைய உங்களுக்குச் சொல்லியே ஆகணும். அப்பாவோட லுங்கித் துணி, உள்ள பனியன் வேஸ்ட் அடைச்சிருக்கு, ஒரு கண்ணு சட்டை பட்டன், இன்னொரு கண்ணு ஜாக்கெட் ஊக்கு, ஒரு காலு குட்டை. ஏன்டா இப்படின்னா "எங்க அமுச்சி மிஸ், இப்படித்தான் சாஞ்சு நடப்பாங்க"ன்னு அவன் பாட்டியைச் சொல்றான். அந்தப் பொம்மைய மத்த பகட்டுப் பொம்மைங்களுக்குப் பின்னாடி யாரோ தள்ளி வச்சிருந்தாங்க. அவனும் ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு எனக்கு மனசே சரியில்ல.

அதனால கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நவம்பர் 14 குழந்தைகள் தினத்துக்கு வைக்கற பொம்மை எல்லாம் ஸ்கூல்லயே, வெள்ளிக்கிழமை கடைசி ரெண்டு பீரியட்ல மட்டும்தான் செய்யணும். வீட்டுல இருந்து முடிச்சு எடுத்துட்டு வர்றது மேசைக்கு வராது, யார் வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் சரி. குளூ கன் கூடாது, போன தடவை ஒரு குழந்தை விரல் கொப்பளிச்சுப் போச்சு. கடையில வாங்குன சாமான் எதுவும் வேண்டாம். "ஏன் பி கிரேடு"ன்னு ராத்திரி பத்து மணிக்கு டீச்சருக்கு போன் போடறதையும் தயவுசெஞ்சு நிறுத்திக்கணும்.

நீங்க ஆசையிலதான் செஞ்சீங்கன்னு தெரியாம இல்ல, நானும் என் பொண்ணுக்கு கோலப்போட்டியில புள்ளி வச்சுக் குடுத்தவதான். 2004 சுனாமிக்கு அப்புறம் ஆரோவில்ல மீனவப் பெண்கள் மிச்சத் துணியில சுனாமிகான்னு ஒரு குட்டிப் பொம்மை செஞ்சாங்க, விக்காம சும்மாவே குடுத்தாங்க. அத மாதிரி நம்ம பசங்க செய்யற பொம்மைய பக்கத்து அங்கன்வாடிக் குழந்தைங்களுக்குக் குடுக்கலாம்னு இருக்கோம். காலு குட்டையா இருந்தாலும் அதுங்களுக்குப் பிடிக்கும்.

மூட்டை மூட்டையா கட்டிங் வேஸ்ட் குடுத்தனுப்புன அப்பாக்களுக்கும், மதியம் வந்து பசங்களுக்கு ஊசி கோக்கச் சொல்லிக் குடுத்த அந்த ரெண்டு பாட்டிமாருக்கும் ரொம்ப நன்றிங்க. லீவுல வீட்டுல கொலு வச்சா மறக்காம எங்களையும் கூப்பிடுங்க. வெள்ளிக்கிழமைக்கு ஒரு பழைய சீப்பு, ஒரு நோட்டு அட்டை, கிழிஞ்ச துணி ஏதாவது ஒண்ணு பையில போட்டு விடுங்க, போதும். அம்மாவோட நல்ல சேலைய வெட்டாம மட்டும் பார்த்துக்குங்க, ஏற்கனவே ஒரு கேஸ் ஆயிருச்சு.

அன்புடன்,
தலைமையாசிரியை